இரண்டு கைதிகள், நான்கு தீவுகள்

வரப்புத் தகராறு நமக்குப் புதிதல்ல. அரை முழ வரப்புக்காக அண்ணனும் தம்பியும் முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து ஹைகோர்ட் வரை ஏறி, கடைசியில் வரப்பு மட்டும் மிஞ்ச, நிலம் வேறு யாருக்கோ கிரயமாகிப் போன கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். ராஜ்யங்களும் இந்த விஷயத்தில் பங்காளிகளைப் போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம். ராஜ்யங்களின் வரப்பு சில சமயம் கடலுக்குள் இறங்கிவிடுகிறது. கடலில் எல்லைக்கல் நட முடியுமா? தேசப்படத்தில் மசியால் ஒரு கோடு இழுக்கலாம், அவ்வளவுதான். அப்படி ஒரு கோட்டை 170 வருஷமாக இழுப்பதும் அழிப்பதுமாக இருக்கிற இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள், ருஷ்யாவும் ஜப்பானும்.

ஜப்பானின் வட கோடியில் இருக்கும் பெரிய தீவு ஹொக்கைடோ. அதன் கிழக்கு முனையிலிருந்து ருஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பம் வரையில் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு, அறுந்த மணிமாலையைத் தண்ணீரில் போட்டாற்போல் ஒரு தீவு வரிசை கிடக்கிறது. குரில் தீவுகள் என்று அதற்குப் பெயர். அந்த வரிசையின் தென் கோடியில் உள்ள எதொரொஃபு, குனாஷிரி, ஷிகொத்தான், ஹபொமாய் என்ற நான்கின் பேரில்தான் வழக்கு. (ஹபொமாய் என்பது ஒரே தீவல்ல, சில்லறைத் தீவுகளின் கூட்டம். கணக்குக்காக ஒன்றென்று வைத்திருக்கிறார்கள்.) நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர். இருப்பதில் பெரியதான எதொரொஃபு, இன்றைய தஞ்சாவூர் ஜில்லாவைவிடச் சற்றுச் சிறியது.

தஞ்சாவூரை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போய் இறங்கிவிடக் கூடாது. எரிமலைகள், கோடையில் பக்கத்தில் நிற்கிறவனைக் கூட மறைக்கும் மூடுபனி, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து மிதந்து வரும் பனிப்பாளங்கள். விளைச்சலெல்லாம் கடலில்தான். ஸால்மன் மீன், நண்டு, கடற்பாசி. ஹபொமாய்க் கூட்டத்தின் கடைசித் துணுக்கு ஜப்பானியக் கரையிலிருந்து 3.7 கிலோமீட்டர் தூரம். கரையில் நின்று பார்த்தாலே தெரிகிறது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் இடத்துக்குப் போக ஜப்பானியனுக்கு வழி கிடையாது. ஏனென்றால் அங்கே 1945 முதல் ருஷ்யக் கொடி பறக்கிறது.

இந்தத் தகராறைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் மந்திரிகளின் பெயர்களும் உடன்படிக்கைத் தேதிகளும்தான் வரும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அவற்றில் அவ்வளவு ருசி தட்டுவதில்லை. பழைய ருஷ்யக் கப்பல் காப்டன் ஒருவருடைய சிறைவாசப் புத்தகம் கையில் கிடைத்த பிறகுதான் எனக்கு இந்தத் தீவுகளின் பேரில் பிடிப்பு உண்டாயிற்று. அந்தக் காப்டனிடம் வருவதற்கு முன்னால், தீவுகளில் முதலில் இருந்தவர்களை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெரிய மனிதர்களின் சண்டையில் வீட்டுக்காரனையே மறந்த மாதிரி ஆகிவிடும்.

ருஷ்யர்கள் கிழக்கே வருவதற்கும் ஜப்பானியர் வடக்கே போவதற்கும் முன்பே அங்கே ஐனுக்கள் என்ற ஜாதியார் வாழ்ந்தார்கள். மீன் பிடித்தார்கள், கடல் நாயையும் கடல் சிங்கத்தையும் வேட்டையாடினார்கள், தோலை இரு பக்கத்து வியாபாரிகளுக்கும் விற்றார்கள். ‘ஐனு’ என்றால் அவர்கள் பாஷையில் மனிதன் என்றே அர்த்தம். குரில் என்ற பெயரும் மனிதனைக் குறிக்கும் அவர்களுடைய ‘குர்’ என்ற இன்னொரு சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். எதொரொஃபு, குனாஷிரி எல்லாம் ஐனுப் பெயர்களே. ஆகவே இரண்டு தேசங்களும் “எங்கள் பூர்விக பூமி” என்று சாதிக்கும்போது மூன்றாமவனுடைய பாஷையில்தான் அந்தப் பூமியின் பெயரைச் சொல்லிச் சாதிக்கின்றன.

இனிக் காப்டனுக்கு வருவோம்.

ஜப்பான் அந்தக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த தேசம். நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரர்களையும் சீனர்களையும் தவிர வேறு அந்நியர் யாரும் வியாபாரத்துக்கு வரக் கூடாது. ஜப்பானியனும் வெளியே போகக் கூடாது. 1804-ல் ரெஸானவ் என்ற ருஷ்யத் தூதர் வியாபாரம் பேச நாகசாகிக்கு வந்தார். அவரை ஆறு மாதம் காக்க வைத்து, பிறகு “முடியாது, போய் வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். மனிதருக்கு மகா கோபம். அந்தக் கோபத்தின் விளைவாக, குவஸ்தோவ், தவீதொவ் என்ற இரண்டு இளம் கடற்படை அதிகாரிகள் 1806-லும் 1807-லும் ஸகாலின் தீவிலும் எதொரொஃபுவிலும் இருந்த ஜப்பானியக் குடியிருப்புகளில் இறங்கிக் கொள்ளையடித்து, தீ வைத்து, ஆட்களையும் பிடித்துப் போனார்கள். ஜார் சக்கரவர்த்தியின் உத்தரவு எதுவும் அவர்களிடம் இல்லை. ஆனால் எரிகிற வீட்டின் முன்னால் நிற்கிறவன், தீ வைத்தவனிடம் உத்தரவு இருந்ததா என்று விசாரிப்பானா?

நான்கு வருஷம் கழித்து, 1811 ஜூலையில், வாஸிலி கொலவ்னின் என்ற காப்டன் ‘டயானா’ என்ற கப்பலில் அந்தப் பக்கம் வந்தார். குரில் தீவுகளை அளந்து படம் போடுவது அவருக்கு இட்ட வேலை. தண்ணீரும் உணவும் தேவைப்பட்டுக் குனாஷிரிக் கோட்டைக்குச் சென்றார். கூட இரண்டு அதிகாரிகள், நான்கு மாலுமிகள், துபாஷியாக அலெக்ஸேய் என்ற ஐனு. கோட்டைக்குள் வரவேற்று விருந்து கொடுத்தார்கள். விருந்து முடியும் நேரத்தில் முகங்கள் மாறின. கொலவ்னின் கோஷ்டியார் படகை நோக்கி ஓடிப் பார்த்தார்கள், அகப்பட்டுக்கொண்டார்கள். கப்பலில் இருந்த துணைக் காப்டன் ரிக்கோர்டு கரையை நோக்கிப் பீரங்கி வேட்டுப் போட்டார். கப்பலில் இருந்த ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைப் பிடிக்க முடியாதென்று கண்டு, கண்ணீருடன் கப்பலைத் திருப்பினார். அந்தக் குடாவுக்கு ருஷ்யர்கள் ‘துரோகக் குடா’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

கொலவ்னினும் மற்றவர்களும் இரண்டு வருஷத்துக்கு மேல் கைதிகளாக இருந்தார்கள். அவர் எழுதியதில் என்னைக் கவர்ந்தது துன்பம் அல்ல. துன்பத்தோடு கலந்து வந்த விசித்திரமான மரியாதை. கைகளை மெல்லிய கயிற்றால் சதை வீங்கும்படி இறுக்கிக் கட்டி நடத்திச் செல்கிறார்கள். அதே சமயம், கட்டுண்டவனால் கொசு ஓட்ட முடியாதே என்று பக்கத்தில் ஒருவன் கிளையை வைத்துக்கொண்டு கொசு ஓட்டி வருகிறான்! சிறையில் கேள்வி மேல் கேள்வி. உங்கள் ஜார் என்ன உடை உடுத்துகிறார்? உங்கள் தலைநகரில் என்னென்ன பறவைகள் உண்டு? ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பத்துக் கேள்வி முளைக்கும். நம்முடைய தாலுகா ஆபீஸ்களில் சில குமாஸ்தாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

காகிதமும் மசியும் இல்லாத ஆரம்ப நாட்களில் கொலவ்னின் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு நாட்குறிப்பு வைத்தார். நல்லது நடந்த நாளுக்குச் சட்டையிலிருந்து உருவிய வெள்ளை இழை; கெட்டது நடந்த நாளுக்குக் கழுத்துத் துணியிலிருந்து உருவிய கறுப்பு இழை. பின்னால் அந்த முடிச்சுகளைத் தடவித் தடவித்தான் எழுதினார். எங்களைப் போன்றவர்கள் பேனா சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1812 வசந்தத்தில் சுவருக்கடியில் தோண்டித் தப்பி ஓடினார்கள். மலைகளில் ஒரு வாரத்துக்கு மேல் அலைந்து, பசியும் களைப்புமாகப் பிடிபட்டார்கள். அதற்குப் பிறகும் அவர்களைக் கொல்லவில்லை. ஆனால் விடவும் இல்லை.

இந்த இடத்தில்தான் கதையின் இரண்டாவது கைதி வருகிறார்.

தக்கதாயா கஹெய் என்று பெயர். தெற்கே அவாஜித் தீவில் ஏழையாகப் பிறந்து, கப்பல் வேலைக்காரனாக ஆரம்பித்து, சொந்தக் கப்பல்கள் வைத்து வடகடல் வியாபாரத்தில் பெரும் புள்ளியானவர். குனாஷிரிக்கும் எதொரொஃபுவுக்கும் இடையே உள்ள ஜலசந்தியில் நீரோட்டங்கள் மோதிப் படகுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கரையிலிருந்து பொறுமையாகக் கவனித்து, 1799-ல் பத்திரமான வழியைக் கண்டுபிடித்தவர் இவர்தான். எதொரொஃபுவில் ஜப்பானியக் குடியேற்றம் வேரூன்றியதற்கு எந்த மந்திரியையும்விட இவரே அதிகக் காரணம்.

1812-ல் ரிக்கோர்டு காப்டனைத் தேடி மறுபடி வந்தார். “எல்லோரும் செத்துவிட்டார்கள்” என்று கரையிலிருந்து பதில் வந்தது. நம்புவதா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜப்பானியக் கப்பல் அந்த வழியாக வந்தது. ரிக்கோர்டு அதை மடக்கிப் பிடித்தார். அது கஹெயுடைய கப்பல். அவர் நடுங்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உங்கள் காப்டன் உயிரோடுதான் இருக்கிறார் என்றார். என்னை உங்களோடு கம்சாத்காவுக்கு அழைத்துப் போகிறீர்களா, வருகிறேன் என்று தயாராகிவிட்டார். அவருடைய ஆட்களில் சிலரும் கூடப் போனார்கள்.

கம்சாத்காவில் பெத்ரொபாவ்லாவ்ஸ்கில் ஒரே வீட்டில் ரிக்கோர்டும் கஹெயும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து, தங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு கலப்பு பாஷையைச் செய்துகொண்டார்கள். வெளியே பனி. கஹெயோடு வந்தவர்களில் சிலர் அந்தக் குளிரிலேயே நோயில் இறந்தார்கள். அந்தத் துக்கத்துக்கு நடுவில் கஹெய் ரிக்கோர்டுக்கு ஒரு விஷயத்தைப் புரிய வைத்தார். எங்கள் சர்க்காருக்கு உங்கள் காப்டனின் பேரில் விரோதமில்லை. அந்த இரண்டு அதிகாரிகள் வந்து தீ வைத்தார்களே, அது உங்கள் அரசருடைய உத்தரவா இல்லையா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். “உத்தரவில்லை, அது தவறு” என்று ஓர் உயர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கதவு திறந்துவிடும்.

இவ்வளவுதான் விஷயம். இரண்டு சர்க்கார்களுக்கும் ஐந்தாறு வருஷமாகத் தெரியாதது, ஒரு கைதிக்கும் அவரைப் பிடித்தவருக்கும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசியதில் தெரிந்துவிட்டது.

1813-ல் இருவரும் குனாஷிரிக்கு வந்தார்கள். ரிக்கோர்டு பிணை எதுவும் கேட்காமல் கஹெயைக் கரைக்கு அனுப்பினார். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன நிச்சயம்? ஆனால் வந்தார். “எல்லோரும் உயிருடன் இருக்கிறோம்” என்று கொலவ்னின் கைப்பட எழுதிய துண்டுக் கடிதத்தைக் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு விளக்கக் கடிதம், மொழிபெயர்ப்பு, எந்த இடத்தில் பாதரட்சையைக் கழற்றுவது என்பது வரை சம்பிரதாயச் சிக்கல்கள். எல்லாவற்றையும் கஹெய் ஓடி ஓடித் தீர்த்தார். அக்டோபரில் ஹாகொதாத்தே துறைமுகத்தில் கொலவ்னினும் மற்றவர்களும் விடுதலையானார்கள். ‘டயானா’ நங்கூரம் தூக்கியபோது ருஷ்ய மாலுமிகள் கஹெயைப் பார்த்து “தாய்ஷோ, ஹுர்ரா!” என்று கோஷமிட்டார்களாம். தாய்ஷோ என்றால் தலைவரே என்று பொருள்.

அந்தத் தலைவருக்குச் சொந்த சர்க்கார் செய்த மரியாதை என்ன தெரியுமா? அந்நிய மண்ணை மிதித்துவிட்டு வந்தவர் என்று காவலில் வைத்து விசாரித்தது. பிற்பாடு விட்டுவிட்டார்கள். 1827-ல் அவர் காலமானார். ருஷ்யர்களோடு ரகசிய வியாபாரம் செய்தார்கள் என்று அவர் குடும்பத்தின் பேரில் குற்றம் சாட்டி, 1833-ல் சொத்துக்களையெல்லாம் பறிமுதல் செய்தார்கள். கொலவ்னினோ ஊருக்குப் போய்த் தம்மைச் சிறை வைத்தவர்களைப் பற்றி மரியாதையோடு புத்தகம் எழுதினார். 1816-ல் அது வெளிவந்தது. ஜப்பானியரைப் பற்றி ஐரோப்பா அறிந்துகொள்வதற்கு அது வெகு காலம் உதவியது.

குவஸ்தோவ் எதொரொஃபுவிலிருந்து பிடித்துப் போனவர்களில் நாகாகவா கோரொஜி என்று ஒருவர். ருஷ்யாவில் இருந்த வருஷங்களில் அம்மை குத்தும் வித்தையைக் கற்றுக்கொண்டு 1812-ல் திரும்பினார். 1824-ல் ஹொக்கைடோவில் அவர் குத்திய அம்மைதான் ஜப்பானின் முதல் அம்மைப்பால் என்று சொல்கிறார்கள். கொள்ளைக்கு வந்தவர்கள் இப்படியும் ஒன்றைக் கொடுத்துப் போனார்கள்.

எல்லைக் கோடு முதல்முதலாகப் போடப்பட்டது 1855-ல். அதற்கு வந்த ருஷ்யத் தூதர் புத்யாத்தின். இவர் முதலில் நாகசாகிக்கு வந்தபோது காரியதரிசியாகக் கூட வந்தவர் நாவலாசிரியர் கஞ்சரோவ் என்பது என் போன்றோருக்கு ஒரு திருப்தி. ஜப்பான் தரப்பில் பேசியவர் கவாஜி தொஷியாகிரா. பேச்சு ஷிமோதா துறைமுகத்தில் நடந்துகொண்டிருந்தது. 1854 டிசம்பர் 23-ந் தேதி பூமி நடுங்கிக் கடல் பொங்கிற்று. 2004-க்குப் பிறகு அது எப்படியிருக்கும் என்று நம் வாசகர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஷிமோதா ஊர் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. துறைமுகத்தில் நின்ற ருஷ்யப் போர்க்கப்பல் பம்பரமாய்ச் சுழன்று உடைந்தது. அந்தக் கப்பலின் பெயரும் ‘டயானா’தான், கொலவ்னினுடைய பழைய கப்பல் அல்ல, வேறொன்று. பழுது பார்க்க இழுத்துப் போகும் வழியில் அது மூழ்கியது. கரையேறி நின்ற ஐந்நூறு பேர் அளவிலான ருஷ்யர்களுக்கு, தங்கள் வீடுகளையே இழந்திருந்த அந்தக் கரையோர ஜனங்கள் உடையும் உணவும் கொடுத்தார்கள். ஹேதா என்ற கிராமத்துத் தச்சர்கள் ருஷ்யர்களோடு சேர்ந்து, அதுவரை கண்டிராத மேல்நாட்டு மாதிரியில் ஒரு கப்பலும் கட்டிக் கொடுத்தார்கள். ருஷ்யர் அதற்குக் கிராமத்தின் பெயரையே வைத்தார்கள்.

இதற்கு நடுவில், 1855 பிப்ரவரி 7-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எதொரொஃபுவும் அதற்குத் தெற்கே உள்ளவையும் ஜப்பானுக்கு. உருப் தீவும் அதற்கு வடக்கே உள்ளவையும் ருஷ்யாவுக்கு. ஸகாலின் இருவருக்கும் பொது. இன்று ஜப்பானியர் கேட்பது இந்தக் கோட்டைத்தான். அந்த நாளையே ‘வடக்குப் பிரதேச தினம்’ என்று 1981 முதல் கொண்டாடுகிறார்கள். யுத்தமில்லாமல், ஒருவர் கழுத்தில் ஒருவர் கத்தி வைக்காமல், வெள்ளத்தில் சேர்ந்து நனைந்தவர்கள் போட்ட கோடு. இதுவரை போட்ட கோடுகளில் இதுதான் யோக்கியமானது என்பது என் எண்ணம்.

ஆனால் இதிலும் ஐனுக்களை யாரும் கேட்கவில்லை.

இருவருக்கும் பொது என்று வைத்த சொத்து என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஸகாலினில் ஓயாத சண்டை. 1875-ல் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள். ஸகாலின் முழுவதும் ருஷ்யாவுக்கு. குரில் வரிசை முழுவதும், கம்சாத்காவின் வாசற்படி வரையில், ஜப்பானுக்கு. ருஷ்யா ஸகாலினைக் கைதிகள் தீவாக வைத்துக்கொண்டது. 1890-ல் செகாவ் அத்தனை தூரம் பிரயாணம் செய்து போய், மூன்று மாதம் குடிசை குடிசையாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தது இந்த ஸகாலினில்தான்.

ஐனுக்களுக்கு உடன்படிக்கையில் ஒரு ஷரத்து இருந்தது. மூன்று வருஷ அவகாசம். எந்த ராஜாவின் பிரஜையாக இருக்கிறாயோ அந்த ராஜாவின் பூமிக்குப் போ; இருக்கிற இடத்திலேயே இருந்தால் புது ராஜாவின் பிரஜை. ஸகாலின் ஐனுக்களில் 841 பேர் ஹொக்கைடோவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் ஸோயா முனையில் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ஸகாலின் தெரியும். அடுத்த வருஷம் அங்கிருந்தும் பெயர்த்து உள்நாட்டுக்கு அனுப்பி, நிலத்தை உழச் சொன்னார்கள். பத்து வருஷத்துக்குள் காலராவும் அம்மையும் வந்து 300 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயின. கோரொஜி அம்மைப்பால் கொண்டுவந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது.

குரில் வரிசையின் வட கோடியில் ஷும்ஷு என்ற தீவு. அங்கே இருந்த ஐனுக்கள் பல தலைமுறைகளாக ருஷ்யர்களோடு பழகியவர்கள். கிறிஸ்தவர்கள், ருஷ்யப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். இவர்கள் எல்லையில் இருப்பது ஆபத்து என்று ஜப்பானிய சர்க்காருக்குத் தோன்றிவிட்டது. 1884-ல் 97 பேரையும் கப்பலில் ஏற்றி, வெகு தூரம் தெற்கே ஷிகொத்தான் தீவில் இறக்கினார்கள். ஆடு மாடு கொடுத்து, விதை கொடுத்து, பயிர் செய்யச் சொன்னார்கள். சர்க்காருக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். கடல் சிங்கத்தை வேட்டையாடிப் பச்சை மாமிசம் தின்று வளர்ந்தவனிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? மடமடவென்று இறந்தார்கள். 1899-ல் டோரீ ரியூஸோ என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் அங்கே போனபோது 60 பேர் அளவில்தான் மிச்சம். அந்தக் குரில் ஐனுக் கிளை தனி ஜனங்களாக இன்று இல்லை. இன்று தகராறில் இருக்கிற அதே ஷிகொத்தானில்தான் அவர்கள் புதைந்து கிடக்கிறார்கள்.

1905-ல் ருஷ்யாவை யுத்தத்தில் தோற்கடித்து ஜப்பான் ஸகாலினின் தென் பாதியைப் பிடுங்கிக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பண்டமாற்றில் கொடுத்ததில் பாதியைக் கத்தியைக் காட்டித் திரும்ப வாங்கிய காரியம் அது. ருஷ்யர் அதை மறக்கவில்லை.

1941 நவம்பர் 26-ந் தேதி எதொரொஃபுவின் ஹிதொகாப்பு குடாவிலிருந்து, ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களுடன் ஒரு பெரும் கடற்படை சத்தமில்லாமல் கிளம்பிற்று. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய படை அது. அதற்குப் பிறகு குரில் தீவுகளை மீன் பிடிக்கிற இடம் என்று யாரும் நினைக்கவில்லை. 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் ரகசியமாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜப்பானோடு சண்டைக்கு வந்தால் குரில் தீவுகள் சோவியத்துக்கு. சோவியத்துக்கும் ஜப்பானுக்கும் அப்போது யுத்தமில்லா உடன்படிக்கை ஒன்று இருந்தது. 1946 ஏப்ரல் வரை அதற்கு ஆயுள். ஆகஸ்டு 8-ந் தேதி சோவியத் யுத்தப் பிரகடனம் செய்தது. 15-ந் தேதி ஜப்பானியச் சக்கரவர்த்தி சரணாகதியை ரேடியோவில் அறிவித்தார். 18-ந் தேதி சோவியத் படை ஷும்ஷுவில் இறங்கியது. ஐனுக்களைக் காலி செய்த அந்தத் தீவில், முடிந்துபோன யுத்தத்துக்காக இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். மாதக் கடைசியில் எதொரொஃபு. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் மற்ற மூன்றும்.

தெற்கு நான்கில் அப்போது 17,000 ஜப்பானியர் குடியிருந்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள், பாசி உலர்த்துகிறவர்கள், வாத்தியார்கள், தபால்காரர்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ராத்திரி நேரங்களில் சின்னப் படகுகளில் குழந்தை குட்டிகளோடு ஹொக்கைடோவுக்குத் தப்பினார்கள். கொந்தளிப்பில் படகோடு போனவர்களும் உண்டு. மிச்சப் பேர் இருந்தார்கள். ருஷ்யக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு வருஷம், பல இடங்களில் ஒரே வீட்டில் முன் அறையில் ஒருவரும் பின் அறையில் ஒருவருமாக, பங்காளிகளைப் போல் வாழ்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த ருஷ்யர்களும் யுத்தத்தில் வீடு வாசல் இழந்த ஏழைகளே. குழந்தைகள் சேர்ந்து விளையாடின. ஒன்றின் பாஷையை மற்றது கற்றது. பெத்ரொபாவ்லாவ்ஸ்க் வீட்டில் ரிக்கோர்டும் கஹெயும் இருந்த மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. 1947-ல் உத்தரவு வந்தது. எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துக்கொண்டு, ஸகாலின் முகாம்கள் வழியாக ஜப்பானியர் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். 1905-க்குப் பிறகு ஸகாலினுக்குத் திரும்பியிருந்த ஐனுக்களும் இந்தத் தடவை அவர்களோடு சேர்ந்து பெரும்பாலும் ஹொக்கைடோவுக்குப் போனார்கள். அவர்களுக்கு இது எத்தனையாவது பயணம் என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

இனி வக்கீல்களின் பாகம். 1951 ஸான் பிரான்ஸிஸ்கோ உடன்படிக்கையில் “குரில் தீவுகளை விட்டுக்கொடுக்கிறோம்” என்று ஜப்பான் எழுதிக் கொடுத்தது. யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்று அதில் இல்லை. எவையெவை குரில் தீவுகள் என்றும் இல்லை. சோவியத் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. (நம்முடைய தேசம் அந்த மகாநாட்டுக்குப் போகாமல், 1952-ல் ஜப்பானுடன் தனியே சமாதானம் செய்துகொண்டது.) தெற்கு நான்கும் குரிலில் சேர்ந்தவையே அல்ல என்பது இன்றைய ஜப்பானியக் கட்சி. யால்டாவில் கொடுத்தார்கள், யுத்தத்தில் ஜயித்தோம் என்பது ருஷ்யக் கட்சி. இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. எதொரொஃபுவும் குனாஷிரியும் குரிலில் சேர்ந்தவையே என்று 1951-ல் ஜப்பானிய சர்க்கார் அதிகாரியே பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறார். ருஷ்யரோ, யார் வீட்டையோ மூன்றாவது ஆள் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டுகிறார்கள்.

1956-ல் தீர்ந்துவிடும் போலிருந்தது. ஷிகொத்தானையும் ஹபொமாயையும், சமாதான உடன்படிக்கை முடிந்ததும் தருகிறோம் என்று சோவியத் ஒப்புக்கொண்டு மாஸ்கோவில் கூட்டறிக்கை கையெழுத்தாயிற்று. ஜப்பானியப் பிரதம மந்திரி ஹடொயாமா நோயாளியாக இருந்தும் நேரில் போனார். ஆனால் அதற்கு முன்பே அமெரிக்க மந்திரி டல்லஸ் ஜப்பானியரை எச்சரித்திருந்தார். மற்ற இரண்டு தீவுகளை ருஷ்யனுக்கு விட்டீர்களானால் ஒகினாவாவை நாங்களும் விட மாட்டோம். பங்காளிச் சண்டையில் பக்கத்துத் தெருப் பெரியவர் தலையிட்ட கதைதான். 1960-ல் ஜப்பான் அமெரிக்காவோடு புதிய பந்தோபஸ்து உடன்படிக்கை செய்தது. அந்நியப் படை வெளியேறினால்தான் தீவு என்று சோவியத் புதிய நிபந்தனை போட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பிரதம மந்திரிகள் வந்து போனார்கள். 2020-ல் ருஷ்யா, தன் பூமியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. தீவுகளில் இப்போது 20,000-க்குச் சற்றுக் குறைவான ருஷ்யர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்த பாட்டிகளும் அவர்களில் உண்டு. அந்தப் பாட்டியை எழுந்து போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தப்பி வந்த ஜப்பானியர்கள் கேட்டது கடைசியில் ஒன்றே ஒன்று. அப்பன் பாட்டன் சமாதிகளுக்கு ஒரு தரம் போய் ஊதுபத்தி கொளுத்திவிட்டு வர வேண்டும். அதற்கும் ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் ருஷ்ய விஸா வாங்கினால் தீவு ருஷ்யாவுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். வாங்காமல் விட்டால் ருஷ்யன் ஜப்பானுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். 1964-ல் ஒரு யுக்தி செய்தார்கள். வெறும் அடையாளச் சீட்டோடு போய் வரலாம். 1976-ல் சோவியத் விஸா கேட்டது; யாத்திரை நின்றது. பத்து வருஷம் கழித்து 1986-ல் மறுபடி ஆரம்பித்தது. 1992-லிருந்து தீவு ருஷ்யர்கள் ஹொக்கைடோவுக்கும் ஜப்பானியர் தீவுகளுக்கும் விஸா இல்லாமலே விருந்துக்குப் போய் வந்தார்கள். 1994-ல் பூகம்பம் தீவுகளைக் குலுக்கியபோது ஜப்பானிலிருந்து உதவிப் பொருள்கள் போயின.

2020-ல் கொரோனா வந்து பிரயாணங்கள் நின்றன. 2022-ல் உக்ரேன் யுத்தம். ஜப்பான் ருஷ்யாவின் பேரில் தடைகள் விதித்தது. ருஷ்யா சமாதானப் பேச்சை நிறுத்தி, விஸா இல்லாத விருந்துப் பிரயாண ஏற்பாட்டையும் ரத்து செய்தது. அன்று குழந்தைகளாகப் படகில் வந்தவர்களுக்கு இன்று எண்பதும் தொண்ணூறும் வயது. 17,000 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலமாகிவிட்டார்கள்.

2022 கோடையிலிருந்து அவர்களை நெமுரோ துறைமுகத்தில் ஒரு கப்பலில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டு போகிறார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகக் கப்பல் நிற்கிறது. மூடுபனி இல்லாத நாளாக இருந்தால் தீவு தெரியும். கப்பல் மேல்தட்டில் பூஜைக்கு இடம் செய்து, தீவுப் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அந்தக் கப்பலுக்கு, அந்தத் தீவுகளின் பாறைகளில் கூடு கட்டும் ஒரு கடற்பறவையின் பெயரை வைத்திருக்கிறார்கள். ‘எதொபிரிகா’. அது ஜப்பானியச் சொல் அல்ல, ருஷ்யச் சொல்லும் அல்ல. அழகான அலகு என்று அர்த்தம், ஐனு பாஷையில்.